காவல் நிலைய மக்கள் கூட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாநகரக் காவல் நிலையங்கள் மக்களைக் கூட்டிப் பேசும்போது, நேரம் குறிப்பதிலேயே முதல் தவறு நடக்கிறது. காலை 11 மணிக்குக் கல்யாண மண்டபத்தில் வைத்தால் வணிகர் சங்கமும் குடியிருப்போர் நலச் சங்கமும்தான் வரும். வீட்டு வேலைக்குப் போகும் பெண்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் வரமாட்டார்கள். சென்னையின் கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புகளில் இரவு 7 மணிக்கு மேல் பிளாக் வாசலிலேயே நாற்காலி போடுங்கள். மேடை, சால்வை வேண்டாம். வடமாநிலத் தொழிலாளர்கள் இருந்தால் மொழிபெயர்க்க ஆள் தேவை. அவர்களுடைய மேஸ்திரியை மட்டும் அதற்கு அழைக்காதீர்கள். கூலிப் புகாரே அவர்மேல் இருக்கலாம்.

பெரிய கேடு, கேட்டுக்கொண்டு பதில் சொல்லாமல் விடுவது. ஒரு நோட்டில் தேதி, இடம், கோரிக்கை, பொறுப்பாளர், பதில் சொன்ன நாள் என்று 5 கட்டங்கள் போதும். தெருவிளக்கு எரியவில்லை என்றால், "அது மாநகராட்சி வேலை" என்று கைகழுவாமல், சென்னையில் மாநகராட்சி உதவி எண் 1913-ஐ அங்கேயே அழைத்துப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் பழைய பக்கத்தைப் படித்துக்காட்டிவிட்டுத்தான் புதுப் பேச்சு. முடியாததை முடியாது என்றே சொல்லலாம், மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஆய்வாளர் மாற்றலாகிப் போனாலும் நோட்டு நிலையத்திலேயே இருக்க வேண்டும்.

"இங்கே யார் கஞ்சா விற்கிறது?" என்று கூட்டத்தில் கேட்கவே கூடாது. பதில் சொன்னவர் மறுநாளும் அதே மாடியில்தான் குடியிருக்க வேண்டும். தனியாகச் சொல்ல ஓர் எண் கொடுங்கள்.

மீட்கப்பட்ட சிறுமியின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் பெருமையாகப் போடுவதும் நடக்கிறது. சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு அதைத் தடுக்கிறது. முகத்தை மறைத்தாலும் பள்ளிச் சீருடை காட்டிக்கொடுத்துவிடும்.

தன்னார்வலர்களுக்கு லத்தி, வாகனச் சோதனை, நிலையத்துக்குள் இரவுப் பணி எதுவும் கூடாது. 1993-இல் இராமநாதபுரத்தில் தொடங்கிய 'காவல்துறை நண்பர்கள்' என்ற தன்னார்வலர் அமைப்பின்மீது, சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்ததையொட்டிப் புகார் எழுந்தது. அமைப்பு மறுத்தும், 2020 ஜூலையில் அரசு தடை விதித்தது. சட்டப் பொறுப்பு இல்லாதவர் கையில் அதிகாரம் இருப்பதாகத் தோன்றினாலே போதும், பழி நிலையத்தின்மேல்தான் விழும்.

இவ்வளவும் செய்துவிட்டு, செல்போன் பறிகொடுத்தவரை வெறும் சிஎஸ்ஆர் ரசீதோடு (புகாரைப் பெற்றதற்கான அத்தாட்சி மட்டும், எஃப்ஐஆர் அல்ல) மாதக்கணக்கில் அலையவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தெருவே வராது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-இன் 173-வது பிரிவின்படி, இத்தகைய வழக்கில் முதற்கட்ட விசாரணை தேவைப்பட்டாலும் உயரதிகாரியின் முன்அனுமதியோடு 14 நாளுக்குள் முடிக்க வேண்டும். எஃப்ஐஆர் போட்டதும் நகலை இலவசமாகக் கையில் கொடுத்தனுப்புங்கள்.