ரத்தம் வெளியே வரவில்லையா? உள்ளே எந்த அறையில் தேங்குகிறது என்று பாருங்கள்

செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை ஒன்று 20 கிலோ இருப்பது சாதாரணம். வளர்ந்த மரத்திலிருந்து அது விலாவில் விழுந்தால் தோல் கிழியாமலே போகலாம். சட்டையைத் தூக்கிப் பார்த்தால் லேசாகக் கன்றிய தடம் மட்டும் தெரியும். "ஒன்னும் இல்ல, கொஞ்ச நேரம் நிழல்ல உக்காரு" என்று சொல்லி மைலோ கலக்கிக் கொடுப்பார்கள். உள்ளே மண்ணீரல் கிழிந்திருந்தால் அந்த அரை மணி நேரத்தில் உயிரே போகலாம். மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் அடிபட்டவரை முதலில் தொடுவது மண்டோரும் (வேலை மேற்பார்வையாளர்) டிராக்டர் ஓட்டுநரும்தான். உடம்பின் மூன்று பெரிய அறைகளும் (மார்பு, வயிறு, இடுப்பு) எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் உங்கள் உடம்பிலேயே கோடு போடுங்கள்

சட்டையைக் கழற்றிவிட்டு மார்க்கர் பேனாவோடு கண்ணாடி முன் நில்லுங்கள். தொண்டைக்குக் கீழே, இரண்டு காறை எலும்புகளுக்கும் நடுவே ஒரு குழி இருக்கும். அதிலிருந்து மார்பெலும்பின் மேல் விரலை இறக்குங்கள். சுமார் 5 சென்டிமீட்டரில் குறுக்காக ஒரு மேடு தட்டுப்படும். அதன் பக்கத்தில் வந்து சேர்வது இரண்டாவது விலா. முதல் விலா காறை எலும்புக்குப் பின்னால் மறைந்திருப்பதால், மேலிருந்து எண்ணினால் கணக்குத் தப்பிவிடும். எப்போதும் இந்த மேட்டிலிருந்தே எண்ணுங்கள்.

நான்காவது விலாவுக்கும் ஐந்தாவது விலாவுக்கும் இடையே ஒரு கோடு போடுங்கள். ஆண்களுக்கு மார்க்காம்பு பெரும்பாலும் இந்த மட்டத்தில் இருக்கும். அடுத்த கோடு விலாக்கூட்டின் கீழ் விளிம்பில். இந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில்தான் எல்லாரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். மூச்சை முழுக்க வெளியே விடும்போது உதரவிதானத்தின் (மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் தடுப்பு) வலது மேடு ஏறக்குறைய மேல் கோடுவரை ஏறுகிறது, இடது மேடு கொஞ்சம் தாழ நிற்கிறது. ஆக, வெளியே மார்பு போலத் தெரிகிற இந்தப் பட்டையின் உள்ளே வலப்பக்கம் கல்லீரலும், இடப்பக்கம் 9 முதல் 11-ஆம் விலாவரை மண்ணீரலும் இருக்கின்றன. இங்கே அடிபட்டால் மார்புக் காயம் என்று மட்டும் நினைக்காதீர்கள், வயிற்றுக் காயம் என்றும் சேர்த்தே நினையுங்கள். கூரான பொருள் குத்தினால் ஒரே குத்தில் இரண்டு அறையும் திறந்துவிடும்.

நுரையீரல் உறையின் கீழ் எல்லைக்கு 8, 10, 12 என்ற எண்களை மனப்பாடம் செய்யுங்கள். முன்பக்கம் காறை எலும்பின் நடுவுக்கு நேர்கீழே 8-ஆம் விலா, அக்குளுக்கு நேர்கீழே 10, முதுகெலும்பின் ஓரம் 12. சாதாரண மூச்சில் நுரையீரலின் விளிம்பு அதைவிட இரண்டு விலா மேலே நிற்கும்.

மார்பறை

இது மூன்று பகுதி: இரு பக்கமும் நுரையீரல் உறைகள், நடுவே இதயமும் பெருங்குழாய்களும் உள்ள இடம். உறைக்கு இரண்டு அடுக்கு, நடுவில் சில தேக்கரண்டி நீர் மட்டுமே. இரண்டு கண்ணாடித் துண்டுகளை நனைத்து ஒட்டிப் பாருங்கள். வழுக்கும், ஆனால் நேராக இழுத்தால் பிரியாது. நுரையீரல் விலாக்கூட்டோடு ஒட்டி விரிவதும் இப்படித்தான். இடையில் காற்றோ ரத்தமோ புகுந்தால் அந்தப் பிடி விட்டு நுரையீரல் சுருங்கிவிடும்.

ஒரு பக்க உறைக்குள் 2 முதல் 3 லிட்டர்வரை தேங்கலாம். 60 கிலோ எடையுள்ளவரின் உடம்பில் மொத்த ரத்தமே 4.2 லிட்டர்தான் (கிலோவுக்கு 70 மில்லி). இதயத்தின் உறை இதற்கு நேர் எதிர். அது சட்டென்று விரியாது, திடீரென 150 முதல் 200 மில்லி சேர்ந்தாலே இதயத்தை நெருக்கிவிடும். ஒரு கிளாஸ் தே தாரிக்கைவிடக் குறைந்த அளவு! கழுத்து ரத்தக்குழாய் புடைத்து நாடி தளர்ந்தால் இதை நினையுங்கள்.

வயிற்றறை

பாதி ஊதிய பலூனுக்குள் முஷ்டியை அழுத்துங்கள். முஷ்டியைப் போர்த்துகிற ரப்பர் ஓர் அடுக்கு, வெளியே இருப்பது இன்னோர் அடுக்கு. குடல், இரைப்பை, கல்லீரல், மண்ணீரல் ஆகியவற்றை வயிற்றறை உறை இப்படித்தான் போர்த்துகிறது. மல்லாந்து படுத்தவருக்கு ரத்தம் கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் தேங்கும். ரதர்ஃபோர்டு மோரிசன் என்ற அறுவை மருத்துவர் பெயரால் அழைக்கப்படும் இடம் அது. நிமிர்ந்து உட்கார்ந்தால் ரத்தம் இடுப்பறையின் அடிக்கு இறங்கும். பெண்களுக்கு அது கருப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவே உள்ள பள்ளம். அவசரப் பிரிவில் ஸ்கேன் கருவியை முதலில் வைப்பதும் நான்கு இடங்களில்தான்: கல்லீரல் ஓரம், மண்ணீரல் ஓரம், இடுப்பறை, இதய உறை.

சிறுநீரகம், கணையம், மகாதமனி ஆகியவை இந்த உறைக்குப் பின்னால் இருக்கின்றன. அங்கே கசிந்தால் அந்த ஸ்கேனில் தெரியாமல் போகலாம். விலா முதுகில் வலியோ சிறுநீரில் ரத்தமோ இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

"வயிறு மெத்துன்னுதானே இருக்கு" என்று நிம்மதி அடைய வேண்டாம். வயிற்றறைக்குள் ரத்தம் மட்டும் சேரும்போது வயிறு உடனே கல்லாகாது. அதைவிட நல்ல துப்பு இடது தோள் நுனி வலி. தோளில் அடியே படாமல் அங்கே வலித்தால் மண்ணீரல் ரத்தம் உதரவிதானத்தை உறுத்துகிறது என்று சந்தேகப்படுங்கள். உதரவிதான நரம்பு கழுத்தின் 3, 4, 5-ஆம் வேர்களிலிருந்து வருகிறது, தோள் நுனித் தோலின் உணர்வும் அந்த வேர்களோடு சேர்ந்தது. மாதவிலக்கு தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்று வலி, மயக்கம், தோள் வலி சேர்ந்து வந்தால் கருக்குழாயில் தங்கிய கரு வெடித்திருக்கலாம். தைலம் தேய்த்து நேரம் கடத்தாதீர்கள்.

இடுப்பறை: கைலியால் கட்டுவது

டிராக்டர் கவிழ்ந்து இடுப்பு நசுங்கினால் எலும்பு வளையம் உடைந்து விரியும். வளையம் விரிய விரிய ரத்தம் தேங்க இடம் பெருகும், 2 லிட்டருக்கு மேலும் போகலாம். வளையத்தை மூடுவதே முதல் வேலை.

தைத்த கைலியானால் தையலைக் கிழித்து விரியுங்கள். தைத்தபடியே மடித்தால் நீளம் சுமார் ஒரு மீட்டர்தான் வரும், முடிச்சுக்கு எட்டாது. 25 சென்டிமீட்டர் அகலத்துக்கு மடித்து, முழங்காலுக்கு அடியில் உள்ள இடைவெளி வழியாக நுழைத்து, இருபுறமும் மாறி மாறி இழுத்து மேலே ஏற்றுங்கள். ஆளைப் புரட்டக் கூடாது. கட்டு நிற்க வேண்டிய இடம் பெல்ட் போடும் இடம் அல்ல. அதற்குக் கீழே, தொடையின் மேல் பக்கவாட்டில் துருத்தும் எலும்பு முனையின் மட்டம். பெல்ட் மட்டத்தில் கட்டுவதுதான் எல்லாரும் செய்கிற தவறு, அங்கே கட்டினால் வளையம் மூடாது. பைச் சாவி, கைப்பேசியை எடுத்துவிட்டு, இருவர் எதிரெதிரே இழுத்து இறுக்கி முடிச்சிடுங்கள். பாதங்களை லேசாக உள்பக்கம் திருப்பி, முழங்கால்களையும் சேர்த்துக் கட்டுங்கள். உடைந்திருக்கிறதா என்று இடுப்பை ஆட்டிப் பார்க்காதீர்கள். மருத்துவமனை போகும்வரை கட்டை அவிழ்க்கவும் கூடாது.

எந்த அறையானாலும்

999-ஐ அழையுங்கள். தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம், அறுவை சிகிச்சையின்போது வாந்தி நுரையீரலுக்குள் போகும். குத்திய அரிவாளைப் பிடுங்காமல் துணி வைத்து அசையாமல் நிறுத்துங்கள். மார்பில் காற்றை உறிஞ்சும் புண் இருந்தால் பிளாஸ்டிக் வைத்து இறுக்கி அடைக்காதீர்கள், உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும்.

5 நிமிடத்துக்கு ஒருமுறை நாடியை ஒரு நிமிடம் எண்ணி, நேரத்தோடு எழுதுங்கள். 100-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போவது மோசமான அறிகுறி. ரத்த அழுத்தத்தை நம்பி இருக்காதீர்கள். ஏறக்குறைய 30 விழுக்காடு ரத்தம், அதாவது 60 கிலோ ஆளுக்குச் சுமார் 1.3 லிட்டர், போகும்வரை அது விழாமல் நிற்கலாம். அந்தத் தாளை ஆம்புலன்ஸில் வருபவரிடம் கொடுத்து, விழுந்த பொருள், உயரம், நேரம், எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். மலாயில் "ருசுக் கிரி" என்றால் இடது விலா, "பாஹு கிரி" என்றால் இடது தோள்.

இடது விலாவில் அடிபட்டு அன்றே வீட்டுக்கு வந்தவரையும் இரண்டு வாரம் கவனியுங்கள். மண்ணீரலின் உறைக்குள் அடங்கியிருந்த ரத்தம் சில நாள் கழித்தும் உடைத்துக்கொண்டு வரும். தலைசுற்றலோ தோள் வலியோ வந்தால் அதே நாளில் திரும்ப அழைத்துப் போங்கள்.