ஃபயர்வாலை அணைத்துவிட்டு வேலை பார்க்காதீர்கள்

மன்னார்குடி பக்கம் ஒரு உரக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரே வைஃபை. பின்னறையிலிருந்து பில் பிரிண்ட் போகவில்லை. சரிசெய்ய வருகிறவர் முதல் வேலையாக ஃபயர்வாலை, அதாவது நெட்வொர்க் வழியாக எது வரலாம், எது போகலாம் என்று காவல் பார்க்கும் மென்பொருளை, அணைக்கிறார், பிரிண்ட் வந்துவிடுகிறது, காசு வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார், அப்புறம் அதைத் திரும்ப ஆன் செய்ய வேண்டும் என்பது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

என்னைக் கேட்டால் இதுதான் மிகப் பெரிய தவறு. 2017 மே மாதம் பரவிய வானாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ், விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கான 445-ஆம் போர்ட் (நெட்வொர்க் தகவல் வந்துபோகும் எண்ணிட்ட வாசல்) வழியாக, யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே ஒரு மெஷினிலிருந்து அடுத்ததற்குத் தாவியது. பிரிண்டர் பகிர்வுக்கும் விண்டோஸ் அதே போர்ட்டைப் பயன்படுத்துகிறது.

பிரிண்டர் கண்ணில் படாததற்குப் பல நேரம் காரணம் வேறு. கடை வைஃபை விண்டோஸில் ‘பப்ளிக்’, அதாவது நம்பக் கூடாத பொது இடம், என்று பதிவாகியிருக்கும். அதை ‘பிரைவேட்’ என்று மாற்றி, பகிர்வை ஆன் செய்து பாருங்கள். இதற்கு நேர்மாறாக, கும்பகோணத்தில் லாட்ஜ் வைஃபையைப் பிரைவேட் என்று போட்டுவிட்டுக் கோயில் சுற்றப் போகிறவர்களும் உண்டு. பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது, அங்கே பப்ளிக்தான் இருக்க வேண்டும்.

டேலி மாதிரி ஒரு மென்பொருளை முதல்முறை திறக்கும்போது அனுமதி கேட்டு ஒரு பெட்டி வரும். படிக்காமல் ‘கேன்சல்’ அழுத்தினால் விண்டோஸ் அதற்கு ஒரு தடை விதியை எழுதி வைத்துக்கொள்ளும். பிறகு நீங்கள் எத்தனை அனுமதி விதி சேர்த்தாலும் பலன் இருக்காது, ஏனென்றால் இரண்டும் மோதினால் தடைதான் ஜெயிக்கும். பட்டியலில் அந்தப் பழைய தடையைத் தேடி நீக்குங்கள்.

உள்ளே வருவதை மட்டும் கவனிப்பது இன்னொரு தவறு. நம் ஊரில் வாய்க்காலைப் பார்த்துவிட்டு வடிகாலை விட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். விண்டோஸ் ஃபயர்வால் வெளியே போகும் எதையும் தானாகத் தடுப்பதில்லை. பி.எம். கிசான் பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் போலி ஏ.பி.கே. கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) நீங்களே போனில் நிறுவினால், அது உங்கள் எஸ்.எம்.எஸ்.ஸை வெளியே அனுப்புவதை எந்தக் கம்ப்யூட்டர் ஃபயர்வாலும் பார்க்கப்போவதில்லை. அப்படிப்பட்ட கோப்பை நிறுவாமல் இருப்பதுதான் முதல் காவல். அதற்கு மேல், ஆண்ட்ராய்டில் நெட்கார்டு போன்ற செயலிகள் ரூட் செய்யாமலே, அதாவது போனின் பூட்டை உடைத்து முழு அதிகாரம் எடுக்காமலே, செயலி வாரியாக இணையத்தை நிறுத்தும். ஆனால் அவை வி.பி.என். ஆக (போனின் இணையப் போக்குவரத்தைத் தன் வழியாகத் திருப்பும் இணைப்பாக) இயங்குகின்றன, ஆண்ட்ராய்டு ஒரு நேரத்தில் ஒரு வி.பி.என்.ஐத்தான் விடும், அதனால் வேறு வி.பி.என். போட்ட நொடியே உங்கள் தடையெல்லாம் போய்விடும். கண்ணில் பட்டதையெல்லாம் தடுக்கவும் வேண்டாம், கூகுள் பிளே சர்வீசஸைத் தடுத்தால் பல செயலிகளின் அறிவிப்புகள் வராது.

மேக்கிலும் உபுண்டுவிலும் ஃபயர்வால் உண்டு, ஆனால் நிறுவியவுடன் தானாக ஓடாது, நாம்தான் ஆன் செய்ய வேண்டும்.

ரௌட்டரையும் பாருங்கள். போர்செட் கொட்டகை கேமராவுக்காகவோ, சென்னையிலிருக்கும் ஆடிட்டர் ரிமோட்டில் வரவோ, 3389 (விண்டோஸ் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்கும் போர்ட்) போன்ற போர்ட்டை யாராவது திறந்து வைத்திருந்தால், இன்றைக்கே மூடச் சொல்லுங்கள்.