டேஷ்கேமில் போலரைசிங் ஃபில்டர் மாட்டும் முறை

உச்சி வெயிலில் பதிவான டேஷ்கேம் (காரின் முன்கண்ணாடியில் ஒட்டி, சாலையைப் பதிவுசெய்யும் கேமரா) வீடியோவை ஒரு இடத்தில் நிறுத்திப் பாருங்கள். டேஷ்போர்டின் ஏசி துளைகளும் அங்கே போட்டுவைத்த பார்க்கிங் சீட்டும் சாலையின்மேல் வெள்ளை நிழலாக மிதக்கும். முன்னால் போகும் வண்டியின் நம்பர் பிளேட் அந்தச் சீட்டின் நிழலுக்குள் போய்விட்டால், கேமரா 4கே ஆக இருந்தும் எழுத்து தெரியாது. போலரைசிங் ஃபில்டர் (கடைகளில் பெரும்பாலும் சிபிஎல், அதாவது சர்க்குலர் போலரைசர்) வேண்டியிருப்பது இதற்குத்தான்.

டேஷ்போர்டில் பட்டு, முன்கண்ணாடியின் உள்பக்கத்தில் எதிரொளித்து லென்ஸுக்கு வரும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாக அதிர்கிறது. அதைத் தடுக்கும்படி ஃபில்டரைத் திருப்பி வைத்தால் நிழல் மறையும், சாலை தெளியும். கண்ணாடிப் பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 56 டிகிரியில் எதிரொளிக்கும் ஒளியைத்தான் ஃபில்டரால் ஏறக்குறைய முழுதாக வெட்ட முடியும். நன்றாகச் சாய்ந்த முன்கண்ணாடி உள்ள கார்களில் கோணம் இதை ஒட்டியே வருகிறது. வேன், பஸ் போல கண்ணாடி நிமிர்ந்து நிற்கும் வண்டிகளில் பலன் குறைவு. அவற்றுக்கு ஃபில்டர் வாங்குவதைவிட டேஷ்போர்டில் பளபளப்பில்லாத கருப்பு விரிப்பு போடுவது மேல்.

உங்கள் மாடலுக்கென்றே ஃபில்டர் கிடைத்தால் அதையே வாங்குங்கள், அழுத்தினால் பொருந்திவிடும். இல்லையென்றால் ஒட்டும் வளையத்தோடு வரும் பொதுவான ஃபில்டர். லென்ஸைச் சுற்றியுள்ள விளிம்பின் விட்டத்தை வெர்னியரில் அளந்துகொண்டு, வளையத்தின் உள்விட்டம் லென்ஸ் கண்ணாடியைவிடப் பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள். வளையம் மெல்லியதாக இருக்கட்டும். 140 டிகிரிக்கு மேல் பார்க்கும் லென்ஸின் முன்னால் வளையம் ஓரிரு மில்லிமீட்டர் அதிகம் நீட்டினாலும் படத்தின் மூலைகள் கறுத்துவிடும். சாதா லீனியர் போலரைசரும் டேஷ்கேமுக்குப் போதும். சர்க்குலர் வகை வந்தது எஸ்எல்ஆர் கேமராக்களின் (உள்ளே கண்ணாடி வைத்த புகைப்படக் கேமராக்கள்) ஃபோகஸும் ஒளியை அளக்கும் மீட்டரும் குழம்பாமல் இருக்க. இங்கே அந்தச் சிக்கலே இல்லை.

சர்க்குலர் வகையில் பலர் தவறுவது முன்பக்கம் பின்பக்கத்தில். மாட்டுவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். லேப்டாப் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, கேமராவை ஒட்டவேண்டிய பக்கம் உங்கள் கண்ணைப் பார்க்கும்படி ஃபில்டரைப் பிடித்துச் சுழற்றுங்கள். ஒரு நிலையில் திரை ஏறக்குறைய முழுக் கறுப்பாக வேண்டும். லேசாக நிறம் மட்டும் மாறி, கறுக்கவே இல்லை என்றால் பக்கம் மாறியிருக்கிறது. அப்படியே மாட்டினால் எவ்வளவு திருப்பினாலும் நிழல் போகாது, வெளிச்சம் மட்டும்தான் குறையும்.

இனி மாட்டும் வேலை.

1. முன்கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடையுங்கள். அங்கே படிந்த எண்ணெய்ப் படலத்தால் வரும் மங்கலை எந்த ஃபில்டரும் நீக்காது.

2. லென்ஸின் தூசியை ஊதித் தள்ளிவிட்டு மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். விளிம்பை மட்டும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிடுங்கள். லென்ஸ் பூச்சின்மேல் அது படவேண்டாம்.

3. வளையத்தை நடுவாக வைத்து அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பசை இறுக ஒரு நாள் கொடுத்த பிறகு ஃபில்டரை மாட்டுங்கள்.

4. வண்டியை வெயிலில் நிறுத்தி, டேஷ்போர்டில் கேமராவுக்கு நேர் கீழே ஒரு வெள்ளைத் தாளை விரியுங்கள். கேமராவை போன் ஆப்பில் நேரலையாகத் திறந்து வைத்துக்கொண்டு ஃபில்டரை மெல்லத் திருப்புங்கள். ஒரு இடத்தில் தாளின் பிம்பம் பளிச்சென்று நிற்கும்; அங்கிருந்து கால் சுற்று, அதாவது 90 டிகிரி திருப்பினால் கிட்டத்தட்ட மறைந்துவிடும். நிறுத்தவேண்டிய இடம் அதுதான்.

5. வளையத்திலும் கேமராவிலும் சேர்த்து ஒரு சிறு கோடு போட்டுவையுங்கள். பின்னால் துடைக்கும்போது ஃபில்டர் நகர்ந்தால் உடனே தெரியும்.

ஃபில்டர் தளர்வாகச் சுழன்றால் ஓரத்தில் சிறு துண்டு டேப் போதும். சூப்பர் க்ளூ மட்டும் வேண்டாம்: அதன் ஆவி லென்ஸில் வெள்ளையாகப் படியும், பிறகு எளிதில் போகாது. வேலையை உலர்ந்த நேரத்தில் முடியுங்கள்; ஈரக்காற்று உள்ளே அடைபட்டால் குளிர்ந்த காலையில் ஃபில்டருக்குள் பனி படரும்.

படத்தின் நடுவில் நிழல் போய், ஓரங்களில் கொஞ்சம் மிஞ்சினால் கோளாறு இல்லை. லென்ஸ் அகலமாகப் பார்ப்பதால் ஓரத்தில் கோணம் மாறுகிறது. நீல வானத்தில் ஒரு கருநீலப் பட்டை விழுவதும் இதனால்தான்.

இரவில்தான் இழப்பு. லென்ஸுக்கு வரும் ஒளியில் பாதிக்கும் மேல் ஃபில்டரிலேயே போய்விடுகிறது. அதை ஈடுகட்ட கேமரா ஷட்டரை மெதுவாக்கும், ஓடும் வண்டியின் நம்பர் இழுபடும். எக்ஸ்போஷரைக் கூட்டினால் படம் வெளுக்குமே தவிர இழுபடுவது இன்னும் மோசமாகும். இரவில் அதிகம் ஓட்டுபவர்கள் காந்தத்தில் ஒட்டும் வகையை வாங்கி, இருட்டியதும் கழற்றிவிடுவது நல்லது.

பின்கண்ணாடி வழியே பார்க்கும் கேமராவுக்கு இதை மாட்டவேண்டாம். அந்தக் கண்ணாடி பெரும்பாலும் சூடேற்றி உறுதியாக்கியது. ஃபில்டர் வழியே அதன் அழுத்தத் தடங்கள் புள்ளிகளாகவும் வானவில் திட்டுகளாகவும் படம் முழுக்கத் தெரியும்.