கோட்லின்: லாம்டாவுக்குள் எழுதும் ரிட்டர்ன் எங்கே போகிறது?

கோட்லின் என்ற புரோகிராமிங் மொழியில் ஃபங்ஷனுக்கும் டைப் உண்டு: அடைப்புக்குறிக்குள் வாங்கும் டைப், அம்புக்குறி, பிறகு தரும் டைப். ஃபங்ஷனே நல் (மதிப்பே இல்லாத நிலை) ஆக இருக்கலாம் என்றால் முழு டைப்பையும் அடைப்புக்குறிக்குள் வைத்து, வெளியே கேள்விக்குறி போடுங்கள். அந்த அடைப்பை விட்டால், நல் ஆகக்கூடியது அது தரும் மதிப்பு மட்டுமே.

அதிகம் பேர் இடறுவது ரிட்டர்னில்தான். சென்ட்ரல், எழும்பூர், கோயம்பேடு என்ற மெட்ரோ நிலையப் பட்டியலை ஃபார்ஈச்சில் அச்சிடுகிறீர்கள். ஃபார்ஈச்சுக்குக் கொடுக்கும் லாம்டா, அதாவது நெளிவு அடைப்புக்குள் எழுதும் சிறு ஃபங்ஷன், ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒருமுறை ஓடும். எழும்பூரை மட்டும் தாண்ட வேண்டும். எழும்பூர் வரும்போது ஓடும்படி லாம்டாவுக்குள் வெறும் ரிட்டர்ன் எழுதினால் சென்ட்ரலோடு நின்றுவிடும். கோயம்பேடும் வராது, அதற்குக் கீழுள்ள வரிகளும் ஓடாது. ஃபார்ஈச் இன்லைன் ஃபங்ஷன் (அழைக்கும் இடத்திலேயே அதன் கோடு பதிக்கப்படும்) என்பதால், அந்த ரிட்டர்ன் வெளியே உள்ள ஃபங்ஷனையே முடித்துவிடுகிறது. இன்லைன் அல்லாத ஃபங்ஷனுக்குக் கொடுத்த லாம்டா என்றால் கம்பைலரே தடுத்துவிடும். எர்ரர் இல்லாமல் தவறாக ஓடுவதுதான் ஆபத்து.

ரிட்டர்னை ஒட்டி அட் குறியும் ஃபார்ஈச் என்ற பெயரும் சேர்த்தால் அந்தச் சுற்று மட்டும் முடியும். அல்லது ஃபன் என்று தொடங்கும் பெயரில்லா ஃபங்ஷனை எழுதுங்கள். அதிலுள்ள ரிட்டர்ன் அதை மட்டுமே முடிக்கும். விலகும் இடங்கள் பல இருந்தால் இதுவே தெளிவு. ஆனால் லாம்டாவைப் போல இதை அடைப்புக்குறிக்கு வெளியே எழுத முடியாது.