நுவரெலியாவுக்கு வான் பிடிக்கிறீர்களா? இரவோடு இரவாக ஏறாதீர்கள்

சித்திரை லீவு நெருங்கினால் எனக்கு ஒரே மாதிரியான அழைப்புகள்தான் வரும். போன கிழமை, புதிதாக வான் எடுத்து ஓடத் தொடங்கியிருக்கும் ஒரு தம்பி கேட்டான்: “அண்ணை, வெள்ளி இரவு ஒன்பதுக்கு யாழ்ப்பாணத்தால வெளிக்கிட்டால் விடிய நுவரெலியா போயிடலாம்தானே? ஒரு நாள் றூம் காசு மிச்சம் எண்டு அந்தக் குடும்பம் சொல்லுது.”

பதினான்கு வருடத்துக்கு முன் நானும் இதே கணக்கைத்தான் போட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். சுவெற்றர் எடுங்கள், கம்பளித் தொப்பி எடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அதை விடுகிறேன். ஆட்கள் திரும்பத் திரும்ப விடும் பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

இரவோடு இரவாக மலை ஏறுவது

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஏ9 வீதியில் 321 கிலோமீற்றர். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு 77. கடதாசியில் பார்த்தால் பெரிய வேலை முதல் துண்டுதான், மிச்சம் சும்மா ஒரு எட்டு என்று தோன்றும். ஸ்டியரிங் பிடிப்பவனுக்குக் கணக்கு வேறு. கண்டி தாண்டி வரும் கம்பளை கடல் மட்டத்திலிருந்து ஐந்நூறு மீற்றர்கூட வராது, நுவரெலியா 1,868 மீற்றர். அந்த உயரம் முழுவதையும் புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை என்று முடக்குக்கு முடக்கு திருப்பித்தான் ஏற வேண்டும். இரவு ஒன்பதுக்கு வெளிக்கிட்ட வான் அந்த முடக்குகளுக்கு வந்து சேருவது விடியப்புறம். சாரதிக்கு நித்திரை சொக்கும் நேரமும் அதுதான், மலையில் புகார் இறங்கும் நேரமும் அதுதான்.

என் முதல் மலையகப் பயணத்தில் வானுக்குள் பதினொரு பேர். அதில் எண்பதைத் தொட்ட ஒரு அம்மம்மா, நான்கு பிள்ளைகள். முறிகண்டியில் நிறுத்தி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் நித்திரை கொள்ளாமல் வவுனியா தாண்டும் வரை அதைக் கொறித்துக்கொண்டே வந்தார்கள். புசல்லாவைக்கு மேலே முதல் பிள்ளை சத்தி எடுத்தது. அந்த மணத்துக்கு மற்ற மூன்றும் எடுத்தன. கண்ணாடியைத் திறந்தால் குளிர், மூடினால் மணம். மூன்று தரம் நிறுத்திக் கழுவினோம்.

றம்பொடைக்குக் கிட்ட ஒரு இடது முடக்கு. நான் கண்ணை மூடியதாக எனக்கு ஞாபகமே இல்லை. முன் சில்லு தார் விட்டு இறங்கி, சரளைக்கல் வானின் அடியில் சடசடவென்று அடித்த சத்தம்தான் கேட்டது. பின்னுக்கிருந்து அம்மம்மா “தம்பி” என்றார், அவ்வளவுதான். பிரேக் பிடித்து நின்றபோது இடது பக்கக் கண்ணாடிக்கு வெளியே வெண்டைக்காய் நிறத்தில் தேயிலைச் செடிகளின் உச்சிதான் தெரிந்தது. அடி தெரியவில்லை. இறங்கிப் பார்த்தேன். சில்லுக்கும் விளிம்புக்கும் இடையில் என் ஒரு பாதம் வைக்கலாம். இன்றைக்கும் அந்த முடக்கு வந்தால் என் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். காலை எட்டேகாலுக்கு ஊருக்குள் போனோம். தங்குமிடத்தில் அறை பகல் இரண்டு மணிக்குத்தான் என்றார்கள். அவர்களில் பிழை இல்லை, முதல் நாள் ஆட்கள் இன்னும் எழும்பவேயில்லை. கிரகரி வாவிக் கரையில் வானை விட்டோம். அம்மம்மா ஒரு பெட்சீற்றைப் போர்த்திக்கொண்டு சீற்றில் சுருண்டிருந்தார். பிள்ளைகள் வாவியைப் பார்க்கவேயில்லை, வாயைத் திறந்தபடி நித்திரை. இரண்டு மணிக்கு அறை கிடைத்ததும் எல்லோரும் விழுந்து படுத்து இரவு ஏழுக்கு எழும்பினார்கள். மூன்று நாள் பயணத்தில் ஒரு நாள் போயிற்று. ஒரு இரவு அறைக் காசை மிச்சம் பிடித்து, சித்திரை விலையில் எடுத்த அறையில் பகல் நித்திரை கொண்டோம்.

இத்தனை வருடமாகச் சொல்லியும் இந்தப் பழக்கம் நிற்கவில்லை. அதுதான் எனக்குக் கோபம். காசில்லாத குடும்பம் என்றால் புரியும். ஆனால் பெரும்பாலும் வானுக்கும் அறைக்கும் தாராளமாகச் செலவழிப்பவர்கள்தான், இந்த ஒரு இரவில் மட்டும் கையை இறுக்குகிறார்கள். சாரதியும் “இல்லை” என்று சொல்லப் பயப்படுகிறான். சொன்னால் ஹயர் வேறு ஆளுக்குப் போய்விடும்.

நான் இப்போது ஒப்புக்கொள்வது ஒரே ஒரு முறைதான். விடிய நான்கு மணிக்கு வெளிக்கிடுவோம். வழியில் காலைச் சாப்பாடு, மதியம் மாத்தளை முத்துமாரியம்மன் கோவில், பிறகு கண்டியிலோ கம்பளையிலோ இரவு. அங்கே அறை விலை நுவரெலியாவின் சித்திரை விலைக்குக் கிட்டவும் வராது. அடுத்த நாள் காலை எட்டுக்கு, பிள்ளைகளுக்குப் பாணும் வாழைப்பழமும் மட்டும் கொடுத்து ஏறத் தொடங்கினால், றம்பொடை அனுமார் கோவிலில் ஒரு மணித்தியாலம், லபுக்கலையில் ஒரு தேத்தண்ணி என்று ஆறுதலாகப் போகலாம். இரண்டு மணிக்கு அறை திறக்கும்போது நீங்களும் அங்கே நிற்பீர்கள். றம்பொடை நீர்வீழ்ச்சியை வெளிச்சத்தில் பார்த்திருப்பீர்கள். இரவில் ஏறியவர்கள் அதன் சத்தத்தைத்தான் கேட்டிருப்பார்கள்.

சாரதிக்கு அறை கேட்காதது

அறை பதியும்போதே கேளுங்கள். சித்திரையிலும் இரவில் பன்னிரண்டு பாகைக்கு இறங்கும். வானுக்குள் விறைத்துக் கிடந்தவனை அடுத்த நாள் மலை இறக்கச் சொல்லாதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் திணிப்பது

“ஹோட்டன் சமவெளி பார்த்துவிட்டு, மத்தியானம் எல்ல ஒன்பது வளைவுப் பாலம், இரவு திரும்ப நுவரெலியா.” இப்படி எழுதிய துண்டுகள் எனக்கு நிறைய வந்திருக்கின்றன. ஹோட்டன் சமவெளி வாசல் காலை ஆறுக்குத் திறக்கும். அங்கே உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்க்க வேண்டுமென்றால் ஒன்பதுக்கு முன் அந்த விளிம்பில் நிற்க வேண்டும், பிறகு புகார் மூடிவிடும். அதற்கு ஐந்து மணிக்கே நுவரெலியாவில் வான் ஸ்டார்ட் ஆக வேண்டும். உள்ளே சுற்றுப்பாதை ஒன்பதரைக் கிலோமீற்றர் நடை. முழங்கால் நோவுள்ள அம்மாவை அழைத்துப் போய்ப் பாதி வழியில் கல்லில் இருத்திவிட்டு வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். பெரியவர்கள் இருந்தால் சீதா எலிய அம்மன் கோவிலும் ஹக்கலைப் பூங்காவும் போதும், இரண்டும் ஒரே வழியில். ஹக்கலை 1861இல் சிங்கோனா வளர்க்கத் தொடங்கிய தோட்டம். மரத்தடியில் ஆச்சிமார் இருக்க, பிள்ளைகள் ஓடலாம்.

ஹோட்டன் போவதென்றால் பொலித்தீனில் சாப்பாடு கட்டாதீர்கள். வாசலில் எடுத்துவிடுவார்கள்.

ஆவணியிலும் நுவரெலியா என்று அடம் பிடிப்பது

தென்மேற்குப் பருவக்காற்று நுவரெலியா, ஹற்றன் பக்கம் மழையைக் கொட்டிவிட்டுத்தான் மலையைத் தாண்டும். அதே நாளில் பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் நல்ல வெயிலாக இருக்கும். ஆகஸ்ட் லீவுக்கு வருபவர்கள் அந்த ஊவாப் பக்கம் தங்குங்கள்.

பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவது

சொந்தக் காரில் வருபவர்களுக்கு இது. ஏறிய கியரில்தான் இறங்க வேண்டும். ஓட்டோ கியர்க் காரை டீ-யில் விட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், சில்லுப் பக்கம் எரிந்த றப்பர் மணம் வரும். அது வந்தால் உடனே ஓரம் கட்டி அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். பிரியஸ், அக்வா வைத்திருப்பவர்கள் கியரில் பீ என்று ஒரு எழுத்து இருப்பதை மலையிலாவது பாவியுங்கள். அது இறக்கத்துக்காகவே வைத்தது. ஏறி வரும் வாகனத்துக்கு இறங்குபவர்தான் வழிவிட வேண்டும்.

போன் காட்டும் குறுக்குப் பாதையையும் நம்பாதீர்கள். 2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்ல குறுக்குப் பாதையில் பாடசாலைச் சுற்றுலா பஸ் ஒன்று வானுடனும் முச்சக்கரவண்டியுடனும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். அப்படிச் செங்குத்தான இறக்கம் அது. பிரதான வீதியில் போங்கள், இருபது நிமிடம் கூடட்டும்.

பாதையை விசாரிக்காமல் வெளிக்கிடுவது

2025 நவம்பரில் டித்வா புயலுக்கு மலையக வீதிகளும் ரயில் பாதையும் பல இடங்களில் சரிந்தன. அதன் பிறகு நான் ஒவ்வொரு பயணத்துக்கும் முதல் நாள் மாலை தங்குமிடத்துக்கு போன் எடுத்து, எந்த வழி திறந்திருக்கிறது, எங்கே ஒரு பக்கப் போக்குவரத்து என்று கேட்கிறேன். மண்சரிவு எச்சரிக்கை சிவப்பு என்றால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். முற்பணம் போனால் போகட்டும்.

அறையில் சுடுதண்ணீர் வருமா என்று கேட்காதது

வரும் என்பார்கள். எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.

மரக்கறியை முதல் நாளே வாங்குவது

லீக்ஸ், கரட், ஸ்ட்ரோபெரி எல்லாம் திரும்பும் நாள் காலையில். ஸ்ட்ரோபெரி யாழ்ப்பாணம் வரை தாங்காது, வழியிலேயே பிள்ளைகளுக்குக் கொடுத்து முடியுங்கள், ஆனால் கம்பளை தாண்டிய பிறகு.