பையனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனால் ஜாமீன் வாங்குவது எப்படி?

பதினெட்டு வயது நிரம்பாத பையன் என்றால் முதலில் அவனைக் கூட்டிப் போன நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், 10-ஆம் பிரிவு: பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அவனை, சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் (போர்டு) முன் நிறுத்த வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. “ஞாயிற்றுக்கிழமை போர்டு உக்காராதே” என்று ஏட்டையா சொன்னால் கேட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். குழுமம் கூடாத நாளில் உறுப்பினர் ஒருவர் முன் நிறுத்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது.

வயதுக்கு ஆதாரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். 94-ஆம் பிரிவு கேட்பது பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லாவிட்டால் நகராட்சி, பஞ்சாயத்துப் பிறப்புச் சான்று. பள்ளி மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) போதாதென்று 2023-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஜாமீன் மனுவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். “என் மகன் நிரபராதி” என்று இரண்டு பக்கம் எழுதிப் பயனில்லை. 12-ஆம் பிரிவுப்படி ஜாமீனை மறுக்க மூன்றே காரணங்கள்: வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்வான், அவனுக்கே ஆபத்து வரும், நீதியின் நோக்கம் கெடும். வழக்கு பெரியது என்பது இந்த மூன்றில் இல்லை. மனு இவற்றுக்குப் பதில் சொன்னால் போதும். நம் தென் மாவட்டச் சாதி மோதல் வழக்குகளில் இரண்டாவது காரணம்தான் முன்னால் வந்து நிற்கும்: ஊருக்குள் விட்டால் வெட்டிவிடுவார்கள். அதற்கு வாய்ப்பேச்சு எடுபடாது. தென்காசியிலோ நாகர்கோவிலிலோ இருக்கும் அத்தை, சித்தப்பா வீட்டில் தங்க வைப்பதாக எழுதி, அந்த உறவினரின் ஒப்புதல் கடிதம், முகவரிச் சான்று, அங்கே படிப்பைத் தொடர ஏற்பாடு எல்லாவற்றையும் இணையுங்கள். இதையே நன்னடத்தை அலுவலரிடமும் சொல்லுங்கள். பையனின் குடும்பம், பின்னணி பற்றி அவர் எழுதும் சமூக விசாரணை அறிக்கை குழுமத்தின் முன் வரும்.

ஜாமீன்தாரர் இல்லாமலும் விடலாம். ஜாமீன் கிடைத்தும் நிபந்தனையை 7 நாளுக்குள் நிறைவேற்ற முடியவில்லையா? 12(4)-ஐக் காட்டி நிபந்தனையைத் தளர்த்தக் கேளுங்கள். இது தெரியாமல் வீட்டு வரி ரசீதோடு ஜாமீன் நிற்க ஆள் தேடி அலைகிறார்கள், பையன் கூர்நோக்கு இல்லத்திலேயே (வழக்கு நடக்கும்போது சிறுவர்களை வைக்கும் இடம்) கிடக்கிறான்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிந்திருக்க வேண்டும். அந்த உத்தரவின் நகலோடு 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு, அதன்பின் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் சீராய்வு. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும், எண் 15100.

பையன் படத்தை மட்டும் நியாயம் கேட்டுக்கூட வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். 74-ஆம் பிரிவு அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது. 6 மாதம் வரை சிறை.