பரோடிட் அறுவைக்குப் பின் மூடாத கண்: இரவில் பாதுகாப்பது எப்படி?

காதுக்கு முன்னால் இருக்கும் பரோடிட் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து கட்டியை எடுத்த பிறகு, அம்மாவுக்கு இடது கண் மூடவில்லை. கண்ணை மூடவைக்கும் முக நரம்பு அந்தச் சுரப்பிக்குள் புகுந்துதான் ஐந்து கிளைகளாகப் பிரிகிறது. நரம்பு அறுபடாவிட்டாலும், இழுபட்டாலே சில வாரங்களோ மாதங்களோ சோர்ந்து கிடக்கும். இமையைத் தூக்கும் தசைக்கு வேறு நரம்பு. அதனால் கண் திறக்கும், மூடத்தான் மூடாது. நரம்பு தேற நாளாகும். கருவிழியோ அதற்குள் காய்ந்து புண்ணாகிவிடும்.

முதலில் இடைவெளியைப் பாருங்கள். தூங்குவதுபோல் மெல்ல மூடச் சொல்லி, பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். இமைகளுக்கு நடுவே வெள்ளைக் கோடு தெரியும். விழி மேலே உருண்டுவிடுவதால் அவர் மூடிவிட்டதாகவே நினைப்பார். அம்மாவும் அப்படித்தான் சாதித்தார்.

பகலில் மருத்துவர் சொன்ன செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு. அடிக்கடி விட வேண்டியிருந்தால், பதப்படுத்தும் பொருள் சேராத வகையைக் கேட்டு வாங்குங்கள். கண்ணில் நீர் வழிகிறதே என்று நிறுத்திவிடாதீர்கள். இமை சரியாகச் சிமிட்டாததால்தான் அது வழிகிறது, விழி காய்ந்துதான் இருக்கிறது. மின்விசிறிக் காற்று முகத்தில் நேரே படக்கூடாது.

இரவு வேலைதான் முக்கியம். கையைக் கழுவி, கீழ் இமையை இழுத்து, உள்ளே மருத்துவர் சொன்ன கண் களிம்பை ஒரு நெல்லளவு இடுங்கள். வெளியே வழிந்ததைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். பிசுக்கு இருந்தால் பிளாஸ்திரி நிற்காது. அவரைக் கீழே பார்க்கச் சொல்லி, மேல் இமையை விரலால் மெதுவாக இறக்கி மூடுங்கள். இமை மயிர் உள்ளே மடங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே, காகிதப் பிளாஸ்திரியை மேல் இமையிலிருந்து கன்னம் வரை சாய்வாக ஒட்டுங்கள். திறந்த கண்மேல் பஞ்சையோ துணியையோ வைத்துக் கட்டவே கூடாது. இமை உள்ளே திறந்துகொண்டால் அது கருவிழியை உரசும். முதல் இரண்டு நாள் நான் அந்தத் தவற்றைத்தான் செய்தேன். காலையில் அம்மாவின் கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. முதல் முறை ஒட்டுவதைச் செவிலியர் பார்த்துத் திருத்தினால் நல்லது.

காலையில் பிளாஸ்திரியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து எடுங்கள்.

சிவப்பு, வலி, கூச்சம், பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, இதில் எது வந்தாலும் அன்றே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். மாதக்கணக்கில் மூடாமலே இருந்தால், மேல் இமைக்குள் சிறு தங்க எடை பொருத்தி மூடவைக்கும் அறுவையும் உண்டு. அதைப் பற்றியும் அவரிடமே கேளுங்கள்.